கொல்லைக் கதவுக்கு ஒரு வலை

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவுக்கு வலைக்கதவு போட்டோம். ஏழடி உயரம், மூன்றடிக்குச் சற்றுக் குறைவான அகலம். அலுமினிய ஃப்ரேம், துருப்பிடிக்காத எஃகு வலை, வலையைப் பள்ளத்தில் இறுக்கிப் பிடிக்க ரப்பர் பீடிங், தானே மூடிக்கொள்ள ஸ்பிரிங் கீல். பட்டறைக்காரர் காலை பத்தரைக்கு வந்தார், ஒன்றரைக்குக் கிளம்பிவிட்டார். மூன்று மணி நேர வேலை. இதற்காக நான் படித்தது ஏறக்குறைய நான்கு மாதம். கல்வெட்டு, பழைய வரைபடம் என்று எழுதிக்கொண்டிருந்தவன் கொசுவலைக்கு வந்துவிட்டானே என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

முதலில் பட்டறைக்காரர் கேட்ட இரண்டு கேள்விகள். "சார், மெஷ் பதினாலு போடட்டா, பதினெட்டு போடட்டா?" என்றார். இந்த எண் ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண்கள் என்பதைக் குறிக்கிறது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் வலை 18க்கு 16, அதாவது ஒரு பக்கம் அங்குலத்துக்கு 18 கண், இன்னொரு பக்கம் 16. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. கம்பியின் தடிமன் 0.28 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 18-ல் கண்ணின் அகலம் 1.13 மி.மீ., 16-ல் 1.31 மி.மீ. வருகிறது. 14-ல் 1.53. கொசுவைத் தடுக்க வலைக்கண் 1.2 முதல் 1.5 மி.மீ. வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஆக, 14 மெஷ் ஈக்குத் தாராளம், கொசுவுக்கு விளிம்பில் நிற்கிறது. இன்னும் நெருக்கமாகப் போனால் காற்று வராது. 18க்கு 16-லேயே கதவின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கம்பி அடைத்துக்கொள்கிறது. நான் பதினெட்டு என்றேன்.

இரண்டாவது கேள்வி, உள்ளே திறக்கவா வெளியே திறக்கவா என்பது. வெளியே திறப்பதுதான் சரி. கொசுவும் ஈயும் வலையின் வெளிப்புறத்தில் உட்கார்ந்து சமயம் பார்க்கும். கதவை வெளியே தள்ளினால் அவற்றைத் தள்ளிக்கொண்டு போகும், உள்ளே இழுத்தால் நாமே அழைத்து வந்த மாதிரி. எங்கள் வீட்டில் வெளியே திறந்தால் துவைக்கிற கல்லில் இடிக்கும். கல்லை ஒரு முழம் நகர்த்த இரண்டு பேர் தேவைப்பட்டது. அந்த மூன்று மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் கல்லுக்குப் போயிற்று.

அம்மாவுக்கு இதில் இஷ்டமில்லை. "விளக்கு வைக்கிற நேரத்துல கொல்லைக் கதவைச் சாத்தி, வாசக்கதவைத் தொறந்து வெச்சா போதும்டா. எங்க காலத்துல யார் வலை போட்டா?" என்றாள். லட்சுமி வாசல் வழியாக வருவாள், கொல்லை வழியாகப் போய்விடக் கூடாது என்பது அதன் பின்னாலிருக்கும் நம்பிக்கை. இதை எடுத்துக்கொண்டு "நம் முன்னோர்கள் அந்திக் கொசுவை அறிந்தே இப்படி வைத்தார்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கொசுவுக்காகச் சாத்தியிருந்தால் வாசல் கதவையும் அல்லவா சாத்தியிருப்பார்கள்? மேலும் எங்கள் வீட்டுக்கு வந்த கொசு அந்தியில் கடிக்கிற ஜாதி இல்லை. அது பகலில் வருவது.

இனி வரலாறு. கதவுக்கும் ஜன்னலுக்கும் கம்பி வலை போடும் வழக்கம் பரவலாகத் தொடங்கியதற்கு நோயோடு சம்பந்தமே இல்லை. அது சல்லடையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஜார்ஜ்டவுன் என்ற ஊரில் கில்பர்ட் அண்ட் பென்னட் என்றொரு கம்பெனி இருந்தது. முதலில் குதிரை மயிரில் சல்லடை நெய்தார்கள், பிறகு இரும்புக் கம்பியில். நல்ல வியாபாரம், தென் மாநிலங்களில் நிறைய வாடிக்கையாளர்கள். 1861-ல் உள்நாட்டுப் போர் வந்தது, தென் மாநிலச் சந்தை ஒரேயடியாக மூடிக்கொண்டது. நெய்து வைத்த கம்பித்துணி விற்காமல் தேங்கியது. துருப்பிடிக்காமல் இருக்க அதற்குச் சாயம் பூசி, ஜன்னலில் அடித்துக்கொள்ளலாம் என்று விற்றார்கள். அது பிடித்துக்கொண்டது. மாவு சலிக்க நெய்ததுதான் பூச்சியைச் சலிக்கப் போனது. விற்காத சரக்குக்கு வேறு உபயோகம் கண்டுபிடிப்பது எங்கள் மென்பொருள் தொழிலிலும் நடக்கிற காரியம்தான், ஆனால் இவ்வளவு நன்றாக முடிவதில்லை.

அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகள் வலை ஒரு சௌகரியம், அவ்வளவுதான். ஈ மொய்க்காது, சாப்பாட்டில் விழாது. நோய்க்கும் ஈக்கும் முடிச்சு போட்ட பிரபலமான சம்பவம் 1898-ல் நடந்தது. ஸ்பெயினோடு போருக்குத் திரட்டிய அமெரிக்கப் படை முகாம்களில் டைஃபாய்டு பரவியது. குண்டடிபட்டுச் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்கள் பல மடங்கு. விசாரிக்கப் போன மூவர் குழுவில் வால்டர் ரீட் ஒருவர், விக்டர் வாகன் இன்னொருவர், எட்வர்ட் ஷேக்ஸ்பியர் மூன்றாமவர். முகாம் கழிவுக்குழிகளில் சுண்ணாம்பு தூவி வைத்திருந்தார்கள். சாப்பாட்டுக் கூடாரத்தில் உணவின் மேல் நடந்த ஈக்களின் கால்கள் வெள்ளையாக இருந்தன. அந்தச் சுண்ணாம்புதான். நிரூபணத்துக்கு நுண்ணோக்கிகூடத் தேவைப்படவில்லை.

கொசு விஷயத்தில் அவ்வளவு எளிதாக இல்லை. ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். அந்த ஆண்டு கோடையில் அவர் ஊட்டிக்கு வந்து, கீழே சீகூர் மலைப்பாதைப் பக்கம் மலேரியாவைத் தேடிப் போய், தானே காய்ச்சல் வாங்கிக்கொண்டது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மறு ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவை வைத்து கொசுக்கடி வழியாகத்தான் பரவுகிறது என்று காட்டினார். இத்தாலியில் கிராஸியும் அவரோடு இருந்தவர்களும் மனித மலேரியாவுக்கு அனாஃபிலிஸ் கொசுவே காரணம் என்று உறுதிப்படுத்தினார்கள்.

கண்டுபிடித்தாயிற்று, சரி. வீட்டுக்கு வலை அடித்தால் காய்ச்சல் நிற்குமா? இதை முதலில் சோதித்தது இத்தாலியர்கள். ஆஞ்சலோ செல்லி 1899-ல் ரோம் பக்கம் ரயில்வே தொழிலாளர் வீடுகளுக்கு வலை போட்டுப் பார்த்தார். 1900-ல் கிராஸி தெற்கே கபாச்சோ சமவெளியில் 112 பேரை அந்தி முதல் விடியும்வரை வலைக்குள் இருக்க வைத்தார். ஐந்து பேருக்குத்தான் மலேரியா வந்தது. வலையில்லாமல் சுற்றுப்புறத்தில் இருந்த 415 பேருக்கும் வந்தது. அதே கோடையில் லண்டனிலிருந்து பேட்ரிக் மேன்சன் ரோமுக்கு அருகே ஓஸ்தியா சதுப்பு நிலத்துக்கு ஒரு மரக்குடிசையையே செய்து அனுப்பினார். ஜன்னல், கதவு எல்லாவற்றிலும் கம்பி வலை. டாக்டர் லோ, டாக்டர் சாம்பன், தெர்ஸி என்ற ஓவியர் ஆகியோர் வேலைக்காரர்களோடு காய்ச்சல் காலம் முழுக்க அதில் தங்கினார்கள். பகலில் எங்கும் போகலாம், பொழுது சாயும் முன் உள்ளே வந்துவிட வேண்டும். யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. இதற்கு எதிர்ச்சோதனையாக, ரோமில் மலேரியா நோயாளியைக் கடித்த கொசுக்களை லண்டனுக்கு வரவழைத்து மேன்சன் கடிக்க விட்டது யாரை என்று நினைக்கிறீர்கள்? தன் மகனை. அந்தப் பையனுக்கு மலேரியா வந்தது. பிழைத்துக்கொண்டான். மேன்சனை மேதை என்று எழுதுபவர்கள் இந்த இடத்தைச் சீக்கிரம் கடந்துவிடுகிறார்கள். என்னால் முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதற்கு எங்கள் வீட்டு அக்டோபருக்கு வரவேண்டும்.

அக்டோபர் 28 அன்று என் மகளுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் டெங்கு என்று தெரிந்தது. ரத்தத் தட்டணுக்கள் பெரிதாக இறங்கவில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், கஞ்சியும் தண்ணீரும் நிறையக் கொடுங்கள் என்றார் டாக்டர். கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "பகல்லயும் கொசுவலைக்குள்ள படுக்க வைங்க. அவளுக்காக இல்ல, வீட்ல மத்தவங்களுக்காக." நான் தலையாட்டினேன். இரவில் வலை கட்டினோம். பகலில் கட்டவில்லை. புழுக்கமாக இருக்கிறது என்றாள், சரி என்று விட்டுவிட்டோம். காற்றுக்காகக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தோம். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 14 அன்று அம்மாவுக்குக் காய்ச்சல். வயது எழுபத்தொன்று. ஆறு நாள் மருத்துவமனையில், அதில் இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில். பிழைத்துவிட்டாள். ஆனால் இன்றும் படியேறும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

அந்தப் பிரிவின் வெளியே உட்கார்ந்திருந்தபோதுதான் நாட்களை எண்ணினேன். பதினேழு. ஏன் பதினேழு? அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதில்தான் ஹென்றி கார்ட்டர் என்பவரைக் கண்டேன். அமெரிக்கக் கப்பல் தனிமைப்படுத்தல் துறை மருத்துவர். 1898-ல் மிசிசிப்பி மாநிலத்தில் ஆர்வுட், டெய்லர் என்ற இரண்டு சிற்றூர்களில் மஞ்சள் காய்ச்சல் வந்தது. வீடுகள் தள்ளித்தள்ளி இருக்கிற பண்ணைப் பகுதி. யார் யார் வீட்டுக்கு எந்த நாளில் போனார்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதினார். ஒரு வீட்டில் முதல் ஆள் படுத்தவுடன் வந்து பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அதே வீட்டுக்குள் வந்தவர்களுக்கு வந்தது, அப்போது நோயாளி இறந்து புதைக்கப்பட்டிருந்தாலும்கூட. அப்படியானால் தொற்று நோயாளியிடம் இல்லை. வீட்டுக்குள் ஏதோ ஒன்று இரண்டு வாரம் பழுக்கிறது. அது என்னவென்று கார்ட்டர் சொல்லவில்லை, இடைவெளியை மட்டும் 1900-ல் பதிப்பித்தார். வெறும் தேதிகளை வைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் இருப்பைக் காட்டிய இந்த வேலையை நான் படித்த மருத்துவக் கட்டுரைகளில் மிக அழகானது என்பேன்.

டெங்குவும் அதே ஏடிஸ் ஈஜிப்தி கொசுதான். நோயாளியைக் கடித்த கொசுவுக்குள் கிருமி பெருகி எச்சில் சுரப்பிக்கு வர ஏறக்குறைய 8 முதல் 12 நாள். அது கடித்தபின் அடுத்தவருக்குக் காய்ச்சல் வர 4 முதல் 7 நாள். கூட்டினால் 12-லிருந்து 19, மகளைக் கடித்த நாளையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். பதினேழு நடுவில் அழகாக உட்கார்ந்துகொள்கிறது. இது நிரூபணம் இல்லை, எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் அந்த மாதம் வேறு நான்கு வீடுகளில் டெங்கு இருந்தது. ஆனாலும் டாக்டர் சொன்ன வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கொசுவலை என்பது ஆரோக்கியமானவரைக் காப்பதற்கு மட்டும் இல்லை. நோயாளியைக் கொசுவிடமிருந்து ஒளித்து வைப்பதற்கும்தான்.

கார்ட்டரின் கட்டுரை ஹவானாவில் வால்டர் ரீட் குழுவின் கைக்குப் போயிற்று. கொசுதான் மஞ்சள் காய்ச்சலைப் பரப்புகிறது என்று கியூப மருத்துவர் கார்லோஸ் பின்லே 1881-லிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார், கேட்பாரில்லை. அவர் சோதனைகள் ஏன் சரிவர அமையவில்லை என்பதற்கு கார்ட்டரின் இரண்டு வாரம் விடை சொன்னது. கடித்த கொசுவை உடனே இன்னொருவர் மேல் விட்டால் ஒன்றும் ஆகாது, பழுக்கவிட வேண்டும். குழுவில் ஒருவரான ஜெஸ்ஸி லசியர் 1900 செப்டம்பர் 25 அன்று மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். அவர் பெயரிலேயே முகாம் அமைத்து இரண்டு சிறிய கட்டடங்கள் கட்டினார்கள். இரண்டும் 14 அடிக்கு 20 அடி.

முதல் கட்டடத்தில் கொசு கிடையாது. மஞ்சள் காய்ச்சலில் கிடந்தவர்களின் வாந்தியும் மலமும் படிந்த போர்வை, உடைகளை அதில் கொண்டுவந்து கொட்டினார்கள். மூன்று பேர் இருபது இரவு அந்தப் படுக்கைகளிலேயே படுத்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது கட்டடம் சுத்தமானது, காற்றோட்டமானது. அதன் நடுவில் தரையிலிருந்து கூரைவரை ஒரு கம்பி வலை. ஒரு பக்கம் நோயாளிகளைக் கடித்துப் பழுத்த 15 கொசுக்களை விட்டார்கள். டிசம்பர் 21 அன்று ஜான் மோரன் என்ற இளைஞர் அந்தப் பக்கம் போய்ப் படுத்தார். அன்றும் மறுநாளும் மூன்று முறை. வலையின் மறுபக்கம் இன்னும் இரண்டு பேர், அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டு. கிறிஸ்துமஸ் காலையில் மோரனுக்குக் காய்ச்சல். மறுபக்கத்து இருவருக்கும் ஒன்றுமில்லை.

பட்டறைக்காரர் வலையைப் பள்ளத்தில் வைத்து ரப்பர் பீடிங்கை உருளையால் அழுத்திக்கொண்டிருந்தபோது எனக்கு இந்த வலைதான் கண்ணில் நின்றது. அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஒன்று. பார்வை போகும், பேச்சு போகும், காற்று போகும். அதைத் தாண்டி ஒன்று மட்டும் போகாது. பல தலைமுறை மருத்துவர்கள் கெட்ட காற்று என்று எழுதிய அத்தனை புத்தகங்களுக்கும் அந்த ஒரு வலை பதில் சொல்லிவிட்டது.

ஹவானாவில் இதை நடைமுறைப்படுத்திய வில்லியம் கார்காஸ் 1904-ல் பனாமாவுக்குப் போனார். கால்வாய் தோண்டப் போய் முன்பே தோற்றுத் திரும்பிய பிரெஞ்சுக்காரர்கள் அங்கே இழந்தது சுமார் 22,000 உயிர் என்பது கார்காஸின் மதிப்பீடு. தொடக்கத்தில் அவருக்கும் பணம் கொடுக்க ஆளில்லை, கொசுப் பேச்சு கிறுக்குத்தனம் என்றார்கள். 1905-ல் ஜான் ஸ்டீவன்ஸ் தலைமைப் பொறியாளராக வந்தபின்தான் கேட்டது கிடைத்தது. கடற்காற்றில் இரும்பு வலை சீக்கிரம் துருத்துப்போகும் என்பதால் தாமிர வலை. மஞ்சள் காய்ச்சல் நோயாளிகளை மருத்துவமனைக்குள்ளேயே வலைக்கூண்டுகளில் வைத்தார்கள், வெளியிலிருந்து கொசு அவர்களிடம் போய்விடாமல். பனாமா நகரின் கடைசி மஞ்சள் காய்ச்சல் நோயாளி 1905 நவம்பர் 11 அன்று. வலை மட்டுமே வென்றது என்று எழுதினால் பொய். வீடு வீடாகப் புகை போட்டார்கள், குழாயில் குடிநீர் கொண்டுவந்து தொட்டி, பீப்பாய்களை ஒழித்தார்கள், தண்ணீர் தேங்கிய ஒவ்வொரு பாத்திரத்தையும் கவிழ்த்தார்கள்.

பாத்திரம் என்றதும் இன்னொன்று. பிரெஞ்சுக்காரர்கள் அங்கோன் குன்றில் கட்டிய மருத்துவமனை அந்தக் காலத்தில் வெப்ப மண்டலத்திலேயே சிறந்தவற்றில் ஒன்று. கன்னியாஸ்திரீகள் நடத்தினார்கள். எறும்பு ஏறாமலிருக்க ஒவ்வொரு கட்டில் காலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம். தோட்டத்துச் செடிகளைச் சுற்றியும் தண்ணீர் வளையம். ஜன்னலுக்கு வலை கிடையாது. வேறு ஏதோ வியாதிக்கு வந்து சேர்ந்தவர்கள் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார்கள்.

இதைப் படித்தபோது இரவு பதினொன்றரை. எழுந்து சமையலறைக்குப் போனேன். எங்கள் வீட்டில் பாட்டி காலத்து மர அலமாரி ஒன்று உண்டு. நான்கு பக்கமும் கம்பி வலை அடித்தது, பால், தயிர், பலகாரம் வைப்பதற்கு. ஃப்ரிட்ஜ் வந்த பிறகும் அம்மா அதை விடவில்லை. ஈ வராமலிருக்க வலை, எறும்பு வராமலிருக்க நான்கு காலுக்கும் பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர். நவம்பர் மாதம் கொசுப்புழு பார்க்க வரும் பெண் வந்து, மாடித் தொட்டி, ஃப்ரிட்ஜ் பின்னாலிருக்கும் தட்டு எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அலமாரிக்கு அடியில் குனிந்து, "இங்க பாருங்க சார்" என்று காட்டியிருந்தாள். இரண்டு கிண்ணத்தில் புழு நெளிந்தது. கொட்டிவிட்டு அதோடு மறந்துபோயிருந்தேன். வெளியிலிருந்து வந்த கொசுவாக நான் நினைத்துக்கொண்டிருந்தது சமையலறையிலேயே பிறந்ததாக இருக்கலாம். அப்படியிருந்தால் கொல்லைக் கதவுக்கு வலை போடுவது கொசுவை உள்ளேயே வைத்துப் பூட்டுகிற வேலை. ஆகவே வலைக்கதவுக்கு முன் கிண்ணங்கள் போயின. இப்போது அலமாரிக் காலைச் சுற்றி எறும்பு சாக்பீஸ் கோடுதான்.

அம்மாவிடம் பனாமா கதையைச் சொல்லவில்லை. "கிண்ணம் எங்கடா?" என்று கேட்டாள். உடைந்துவிட்டது என்றேன். நான்கும் ஒரே நாளில் எப்படி உடையும் என்று அவள் கேட்கவில்லை. புழு காட்டிய அன்று அவள் மருத்துவமனையில் இருந்தாள்.

இன்னும் முடியாத வேலைகள் இருக்கின்றன. குளியலறை வென்டிலேட்டருக்கு வலை இல்லை, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை திறந்தே இருக்கிறது, வலைக்கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி. பிரஷ் பட்டை அடித்துத் தருவதாகப் பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார், இந்த ஞாயிறு வருவாராம்.

அம்மா வலைக்குப் பின்னால் உட்கார்ந்து பக்கத்து வீட்டு அக்காவோடு பேசப் பழகிவிட்டாள், ஜெயிலில் மனு பார்ப்பது போல இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே. காக்கைக்குச் சாதம் வைப்பதுதான் பிரச்சினை. கையில் தட்டோடு போகும்போது ஸ்பிரிங் கதவு முதுகில் அடிக்கிறதாம். நேற்று மத்தியானம் பார்த்தால் வலைக்கதவு அகலத் திறந்து கிடந்தது, அடியில் ஒரு செங்கல் முட்டுக் கொடுத்து. எடுத்துத் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போட்டேன். இன்று காலை காபி குடிக்கப் போனபோது செங்கல் பழைய இடத்தில் இருந்தது.